நாற்பது நிமிட மருந்து

செத்தவர்கள் வருவது, பேசுவது, இதையெல்லாம் நான் நம்புகிற ஆள் கிடையாது. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன், அதில் பாதிக் காலம் ஆபரேஷன் தியேட்டரில். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்டவர்கள் விழிக்கிறபோது பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. மேகமலைக்கு மேலே பறந்தேன் என்பார் ஒருவர், கூரையில் ஒட்டிக்கொண்டு கீழே கிடக்கிற என்னையே பார்த்தேன் என்பார் இன்னொருவர், செத்துப்போன அப்பா வந்து காலைப் பிடித்துவிட்டார் என்று ஒரு வாத்தியார் அழுதார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தெளிந்து காபி கேட்பார்கள். மூளைக்குச் சேதி போகிற வாசல் ஒன்றை அந்த மருந்து அடைத்துவிடுகிறது, வெளியிலிருந்து ஒன்றும் வராததால் மூளை தானே படம் ஓட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எலும்பு ஒட்டவும் தையல் போடவும் சின்ன ஆஸ்பத்திரிகளில்கூடக் காலங்காலமாகக் கொடுத்துவந்த மருந்து அது. மூச்சை அவ்வளவாக அமுக்காது, அதனால் பெரிய மெஷின் இல்லாத இடத்திலும் தைரியமாகப் போடுவார்கள். அந்தப் பிதற்றலை மட்டும் ஒரு தொந்தரவு என்றே நினைத்திருந்தோம். பிறகுதான், முழுசாக மயங்காத அளவுக்குக் கொஞ்சமாக ஏற்றினால், எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு சிலருக்கு விலகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. எங்கள் மனநல டாக்டரம்மா அதை ஆரம்பித்தபோது பக்கத்தில் உட்கார என்னைத்தான் கேட்டார்.

சவரிமுத்து ஐயா அப்படித்தான் வந்தார். ராயப்பன்பட்டிக்காரர், திராட்சை விவசாயி, அறுபது வயதை நெருங்கியவர். அவருடைய மனைவி லூர்துமேரி திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோயிருந்தார். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரைக் கூட்டிவந்த தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணி போனதுல இருந்து அண்ணன் வாயே தெறக்கல சிஸ்டர். திராட்சப் பந்தலுக்குக் கீழ போயி உக்காந்துக்கிருவாக. சாப்பாடு கொண்டுபோனா அப்படியே இருக்கும். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து டப்பாவையெல்லாம் எங்க வீட்டுல வச்சுப் பூட்டிட்டோம்.”

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாரம் இரண்டு தடவை, மொத்தம் ஆறு தடவை ஏற்றுவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்குப் படுக்கவைத்து, பிரஷர் பார்த்து, மருந்து ஏற்றுகிற பம்ப்பை ஓடவிட்டால் நாற்பது நிமிடம். முதல் இரண்டு தடவையும் அவர் பேசவே இல்லை, கண்ணோரம் நீர் மட்டும் வழிந்தது. மூன்றாவது தடவை, பாதி மருந்து போயிருக்கும், கண்ணைப் பாதி திறந்து, “லூர்து வந்திருக்கா” என்றார்.

இல்லை என்று மறுக்கக் கூடாது, அதுதான் எங்களுக்குச் சொல்லியிருப்பது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன செய்றாக ஐயா?” என்றேன்.

“ஒரு புள்ளைக்குச் சடை பின்னிக்கிட்டிருக்கா.”

“யாரு புள்ள?”

“தெரியல தாயி. வளந்த புள்ள. எங்களுக்குப் பொட்டப்புள்ள இல்லேல்ல, அதான் ஆசையா பின்னுறா.” கொஞ்ச நேரம் எதையோ கவனிப்பதுபோல இருந்தார். “மாதுளைன்னு கூப்பிடுறா. அது திரும்பிப் பாக்குது.”

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்பு எட்டாம் மாதத்தில் எனக்கு ஒரு குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. பெண் என்றார்கள், துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள், முகத்தைக் காட்டவில்லை. அது வயிற்றிலிருந்த நாளெல்லாம் எனக்கு மாதுளம்பழம்தான் வேண்டும், என் வீட்டுக்காரர் தினமும் வாங்கிவருவார். அதனால் அதை மாதுளை என்றே கூப்பிடுவேன். வாய்விட்டு அல்ல, மனசுக்குள். அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று முதலில் சொல்லவில்லை, பிறகு சொன்னால் அழுவார் என்று சொல்லவில்லை. எங்கும் எழுதிவைத்ததும் இல்லை.

ஒரு நர்ஸ் கேட்கக் கூடாத கேள்வியை அன்று கேட்டேன். “அந்தப் புள்ள நல்லா இருக்காளா ஐயா?”

“நல்லா இருக்கு தாயி. லூர்து பாத்துக்கிறா.” நான் பிடித்திருந்த கையை விடுவித்து, என் கைமேல் வைத்து இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

மருந்து முடிந்து தெளிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “பச்சையா பந்தலுக்கு மேல மெதந்த மாதிரி இருந்துச்சு. வேற ஒண்ணும் நெனப்புல இல்ல” என்றார். அன்று ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விவசாயி வாயில் மாதுளை என்று வருவது அதிசயமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், பழத்தைச் சொல்லியிருப்பார், நான்தான் பேராக்கிக்கொண்டேன். ஆனாலும் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் “நல்ல பேருதான். எனக்கும் சொல்லியிருக்கலாம்ல” என்றார். அந்தக் குழந்தைக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

மிச்ச மூன்று தடவையும் ஐயா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஆள் தேறிவிட்டார். கவாத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்கிற அளவுக்குத் தேறினார். கடைசி மருந்து ஏற்றிப் பத்து நாள் கழித்துப் பரிசோதனைக்குத் தனியாகவே வந்தார். அந்த மருந்து உடம்பில் இரண்டு நாள்கூடத் தங்காது. அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எனக்கு அரை நாள் டியூட்டி. பஸ் ஸ்டாண்டில் போடி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் ஜன்னலை ஒட்டினாற்போல் கம்பம் வண்டி வந்து நின்றது. அதில் மூன்று பேர் உட்காரும் சீட்டின் ஓரத்தில் சவரிமுத்து ஐயா இருந்தார். ஜன்னல் பக்கத்து இரண்டு இடமும் காலி. கூட்டம் ஏறியது. பையோடு வந்த ஒருவர் தள்ளி உட்காரச் சொன்னார். ஐயா நிமிர்ந்து, சாதாரணமாக, “ஆளு இருக்குய்யா. ரெண்டு பேரு” என்றார். அந்த மனிதர் முன்னே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி புறப்படுகிற வரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

மனைவிக்கு ஓர் இடம் போட்டிருந்தால் எனக்குப் புரியும். இப்போதும் அவர் மாதம் ஒரு தடவை மாத்திரைக்கு வருகிறார், என்னைப் பார்த்தால் சிரித்துப் பேசுகிறார். இன்னோர் இடம் யாருக்கு என்று கேட்க மட்டும் எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.