தராமு ஸாபோ கொடுத்த ஞானஸ்நானம்

கீழே மே சரியாங் என்ற சின்ன நகரத்திலிருந்து பிக்கப் வண்டியில் நான்கு மணி நேரம் ஏற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைமேல் இருக்கும் அந்த நாற்பது வீட்டுக் கரேன் பழங்குடி ஊருக்குச் சபை ஊழியம் செய்ய வந்தபோது ஸாபோவுக்கு இருபத்தொன்பது வயது. வேதாகமப் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஒரு துணிப்பையும் ஒரு கிட்டாரும் எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது ஐம்பத்திரண்டு. கிட்டாரை யாரோ இரவல் வாங்கிப் போய் வெகுகாலம் ஆயிற்று.

ஊரில் அவளை எல்லாரும் தராமு என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் சொல்லித் தருகிறவளுக்கும் சபை ஊழியக்காரிக்கும் அங்கே அதுதான் பேர். ஸாபோ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவள் அம்மா. அம்மா போய் பதினோரு வருஷம்.

ஞாயிறு பிரசங்கம், பிள்ளைகளுக்குக் கரேன் எழுத்து, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஜெபம், செத்தவர்களுக்கு அடக்க ஆராதனை எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டு காரியம் மட்டும் அவள் செய்யக் கூடாது. ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. திருவிருந்தில் அப்பம் பிட்கக் கூடாது. கைவைத்து அபிஷேகம் பண்ணப்பட்ட போதகர்தான் அவற்றைச் செய்ய வேண்டும். அந்த வட்டாரச் சபைகளின் சங்கம் பெண்களை அபிஷேகம் பண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதகர் ஸோம்போன் கீழேயிருந்து வருவார்; ஆண் போதகருக்கு அங்கே தரா என்று பேர். வேதாகமப் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். நல்ல மனுஷன். அவர் ஓடையில் இறங்கி ஒவ்வொருவராய் முக்கி எடுப்பார். அந்த ஆட்களுக்கு ஆறு மாதம் பாடம் சொல்லித் தயார் பண்ணிய ஸாபோ, கரையில் உலர்ந்த துண்டுகளை வைத்துக்கொண்டு நிற்பாள். இருபத்து மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது பேருக்குக் குறையாமல் அப்படித் துண்டு கொடுத்திருக்கிறாள்.

கரேன் பெண்கள் கல்யாணம் ஆகும்வரை உடுத்துவது நீண்ட வெள்ளை அங்கி. கிறிஸ்துமஸ் அன்று பதினைந்து பதினாறு வயதுப் பெண்களோடு ஸாபோவும் வெள்ளையில் வந்து பாடகர் வரிசையில் நிற்பாள். யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்தால்கூடத் தேவலை என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும். எந்த வீட்டுக்குப் போனாலும் கறியில் நல்ல துண்டாய்ப் பார்த்து அவள் தட்டில் வைப்பார்கள். அவள் இருக்கும்வரை யாரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். படியிறங்கிப் பத்தடி நடந்ததும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

க்வாலே வீட்டில் மட்டும் அப்படி இல்லை. ஊரில் பெரியவர்களில் ஞானஸ்நானம் வாங்காத ஒரே ஆள் அந்தக் கிழவர்தான். அரிசிச் சாராயம் காய்ச்சுவார். பெண்டாட்டி சபையில் சேர்ந்து, பதினேழு வருஷம் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் முபாவும் மருமகனும் சபைக்கு வருகிறவர்கள். அவர் மட்டும் வரமாட்டார்.

"தராமு, வாங்க. உங்க சாமிக்கு ஒரு வாய் ஊத்தட்டா?"

"அவரு குடிக்கமாட்டாரு மாமா."

"கல்யாண வீட்டுல தண்ணிய சாராயமாக்குனவருதான? எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

"அது திராட்சரசம்."

"அரிசி கெடைக்கல, என்ன பண்ணுவாரு."

வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, அவள் அந்த வீட்டுக்குப் போவாள். கிழவரை மனந்திருப்பத் தராமு விடாமல் போகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வாரத்தில் சிரிக்கிற நேரம் என்பது அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் மே மாதக் கடைசியில் க்வாலேக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. கீழே ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வந்த மறுநாளே பெருமழை பிடித்து, ரோடு இரண்டு இடத்தில் சரிந்து போயிற்று. ஸாபோ போய்ப் பார்த்தபோது கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சாராயப் பானை கவிழ்த்து வைத்திருந்தது.

"தராமு, நான் தண்ணியில எறங்குறேன்."

அவள் விளையாட்டென்று நினைத்தாள். அவர் முகம் அப்படி இல்லை.

"ஆஸ்பத்திரியில ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அவ பதினேழு வருஷம் சொன்னதெல்லாம் உக்காந்து யோசிச்சேன். நீங்க சொன்னதும். உங்க சாமிகிட்ட பேசிட்டேன். இனி ஊர் முன்னாடி சொல்லணும்."

"தரா ஆகஸ்டுலதான் வருவாரு மாமா."

"ஆகஸ்டுல நான் மண்ணுக்குள்ள இருப்பேன்."

"தண்ணியில முங்குனாத்தான் ரட்சிப்புன்னு இல்ல. நம்புனா போதும்."

"அப்ப நீங்கல்லாம் எதுக்கு முங்குனீங்க?"

ஆறு மாத வகுப்பில் இதே கேள்விக்கு அவளே பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கீழ்ப்படிதல், சாட்சி, அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுந்திருத்தல். அத்தனையும் இந்த மனுஷன் பக்கம்தான் பேசின.

போனுக்கு சிக்னல் கிடைப்பது மேட்டு உச்சியில் மட்டும். மழையில் ஏறிப்போய் தரா ஸோம்போனைக் கூப்பிட்டாள்.

"ரோடு இல்ல தராமு, எப்படி வருவேன்? நடந்தா ரெண்டு நாள். என் முட்டி தாங்காது."

"சரி தரா. நான் குடுக்கவா?"

"என்னைக் கேக்காதீங்க. கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லணும்."

இறங்கி வந்து சபையின் மூத்த உதவிக்காரர் ஜோபாவிடம் போனாள். சபையைக் கூட்டிக் கேட்டுவிடலாம், சபையார் சம்மதித்தால் போதும், நம் முறைமையே அதுதானே என்றாள். ஜோபா பன்றிக்குக் கிண்டிக்கொண்டிருந்த தவிட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கூட்டுனா ரெண்டு கட்சி ஆயிரும் தராமு. நான் வயலுக்குப் போறேன். மூணு நாள் அங்கதான் இருப்பேன். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"அண்ணே, நீங்க பக்கத்துல நின்னா போதும்."

"எனக்குத் தெரியாது" என்றார் மறுபடியும்.

சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. மருமகனும் பக்கத்து வீட்டுக்காரனும் கிழவரை மூங்கில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஓடை செம்மண்ணாய் ஓடியது. வளைவில் இடுப்பளவு ஆழத்தில் ஓரிடம் நிதானமாய் இருந்தது. ஸாபோ அங்கே இறங்கினாள். குளிர் எலும்பில் ஏறியது. கரையிலிருந்தே பார்த்த இடம், உள்ளே நின்று பார்க்க வேறு மாதிரி இருந்தது.

கிழவரைக் கைகளில் வாங்கியபோது அவருக்கு எடையே இல்லை.

"இயேசுவை உங்க ஆண்டவரா அறிக்கை பண்றீங்களா மாமா?"

"பண்றேன். லேட்டாத்தான் வந்தேன்னு அவருக்கும் தெரியும்."

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி அவரை முக்கி எடுத்தாள். கிழவர் இருமினார், பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இவ்ளோ சில்லுன்னு இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலயே."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸாபோவும் சிரித்தாள். அத்தனை பேரோடு சேர்ந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் நாள் க்வாலே தூக்கத்தில் போய்விட்டார். ஆராதனை நடத்தி, சபைக் கல்லறையில் பெண்டாட்டி பக்கத்தில் அடக்கம் பண்ணினாள். அடுத்த நாளே ஊரில் பேச்சு கிளம்பிற்று. நெஞ்சு கட்டினவரை மழைத் தண்ணியில் முக்கினால் என்ன ஆகும் என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். ஸாபோ வருவதைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள். பத்து நாள் தாங்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னதை முபா வீடு வீடாய்ப் போய்ச் சொன்னாள். ஆனாலும் ஸாபோ பல ராத்திரி அந்த எடையில்லாத உடம்பைக் கையில் உணர்ந்தபடி விழித்துக் கிடந்தாள்.

ஆகஸ்டில் ரோடு திறந்தது. தரா ஸோம்போன் சங்கத்தின் கடிதத்தோடு வந்தார். சபை கூடியது. அனுமதியில்லாத ஞானஸ்நானம் சபைப் பதிவேட்டில் ஏறாது என்றது கடிதம். செய்தது தவறு என்று தராமு சபை முன் நின்று சொன்னால் விஷயம் அதோடு முடிந்தது. இல்லையென்றால் ஆறு மாதம் பிரசங்கமும் திருவிருந்தும் கிடையாது.

ஸாபோ எழுந்து நின்றாள்.

"உங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்காம செஞ்சேன். அது என் தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா அவரு கேட்டது நியாயம். அவருக்குக் குடுத்தத தப்புன்னு என் வாயால சொல்ல முடியாது."

ஸோம்போன் கடிதத்தை மடித்தார். "கொஞ்சம் வளைஞ்சு குடுங்க தராமு" என்றார் மெதுவாக. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மாதம் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜோபா பிரசங்கம் பண்ணினார். நோவா பேழைக்குள் போவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நவம்பரில் தரா வந்து திருவிருந்து நடத்தினார். சின்னச் சின்னக் கோப்பைகள் அடுக்கிய தட்டு வரிசை வரிசையாய் வந்தது. தட்டைக் கொண்டுவந்த பெண்ணுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் ஸாபோ. அந்தப் பெண் அவள் முன்னால் ஒரு நொடி நின்றாள். பிறகு தாண்டிப் போனாள். ஸாபோ தலையை நிமிர்த்தவில்லை.

யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. சோறும் கீரையும் படியில் வந்து இருக்கும், வைத்தவர்கள் இருக்கமாட்டார்கள். அறுவடைக்கு முபாவின் மலைவயலுக்குப் போய்க் கதிர் அறுத்தாள். முபா சபைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசாமல் அறுப்பார்கள். மதியம் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் ஸாபோவுக்கு இருந்த துணை அதுதான்.

பிப்ரவரியில் தண்டனை முடிந்தது. தராமுவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஸோம்போன். முதலில் எழுந்த கை ஜோபாவுடையது. ஒரு கைகூடக் குறையவில்லை. சில பெண்கள் அழுதார்கள். அப்பமும் கோப்பையும் அவள் கைக்கு வந்தன. ஆராதனை முடிந்து வாசலில் அவள் ஸோம்போனைக் கேட்டாள்:

"க்வாலே மாமா பேரு பதிவேட்டுல?"

"சங்கத்துல பேசிப் பாக்குறேன்." அவர் வண்டிச் சாவியைத் தேடினார். "என் கையில இல்ல, ஸாபோ."

பதினோரு வருஷம் கழித்து ஒருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை முபா வீட்டுக்குப் போனாள். முபா நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"சேத்துக்கிட்டாங்களாம்ல."

"ம்."

"எங்கப்பாவ வெளிய வச்சுட்டு நீங்க மட்டும் உள்ள போய் உக்காந்துட்டீங்க."

"முபா..."

"அப்பம் ருசியா இருந்துச்சா?"

ஸாபோ படியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியவை இருந்தன. அந்தத் திருவிருந்துப் பந்தி ஜோபாவுடையதும் இல்லை, சங்கத்துடையதும் இல்லை என்று சொல்லலாம். அது இல்லாமல் அந்த ஆறு மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்லலாம். சிதறிக் கிடந்த நெல்மணிகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு முபா உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரமும் வருவீங்களா?"

"வருவேன்."

"நான் சபைக்கு வரமாட்டேன். அதுக்காக வர்றதா இருந்தா வராதீங்க."

"அதுக்காக வரல."

முபா மறுபடியும் உலக்கையை எடுத்தாள். ஸாபோ தட்டைக் காலி பண்ணிக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பதிவேட்டில் க்வாலேயின் பெயர் இன்னும் ஏறவில்லை. இந்த வருஷ மழைக்கு முன் புதிதாய் நான்கு இளம்பிள்ளைகள் ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஸாபோ செவ்வாயும் வெள்ளியும் பாடம் நடத்துகிறாள். வியாழக்கிழமை முபா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.