ஃப்ளெக்ஸில் இருந்த என் மகன் பெயர்

ஆறேழு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் கடைசியில் நடந்தது இது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சம்பா அறுப்புக்கு மெஷின் வருகிறது என்று என் வீட்டுக்காரர் காலையிலேயே வயலுக்குப் போனார். மெஷின் வருவதற்குள் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நெஞ்சுவலி என்றார்கள்.

எங்களுக்கு ஒரே மகன். அப்போது அவன் ஜெர்மனியில் ஆட்டோமேஷன் இன்ஜினியரிங் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அது என்ன படிப்பு என்று ஒரு தடவை கேட்டேன். ஆள் பக்கத்தில் நிற்காமலே மெஷின்களை வேலை செய்யவைக்கிற படிப்பு என்றான். அவன் அப்பா விடவில்லை. "அதான் நம்ம பம்புசெட்டுல ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கே. கரன்ட் வந்தா தானா ஓடுது. இதுக்கு எதுக்குடா ஜெர்மனி?" என்று கிண்டல் செய்தார். ஆனால் டீக்கடையில் அந்தப் படிப்பின் பெயரைத் திக்காமல் சொல்லிக்காட்டுவார்.

ஒரு பாடத்தில் மட்டும் பிள்ளை இரண்டு தடவை தோற்றுப்போயிருந்தான். மூன்றாவது தடவையும் போனால் அந்தப் படிப்பையே விட்டுவிட்டு வரவேண்டியதுதான், இங்கே விதி அப்படி என்று பொங்கலன்று போனில் சொன்னான். குரல் கம்மிப்போயிருந்தது. அந்தப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தபோதுதான் அவன் அப்பா போனார்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனார் போனைக் கையில் எடுத்தார். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன் அண்ணி. ரெண்டு நாள்ல வந்துருவான். அதுவரைக்கும் வச்சிருப்போம்."

ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் நான் வாய் திறந்தவளே இல்லை. எதுவானாலும் வீட்டுக்காரர் காதில் சொல்வேன், அவர் நாலு பேரிடம் சொல்வார். அன்றைக்கு அந்தக் காது இல்லை. நானே எழுந்துபோய் கொழுந்தனார் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டேன்.

"அவனுக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. பரீட்சை முடியட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொள்ளி வைக்க வேண்டியவனுக்குச் சொல்லாமல் எப்படி என்று பங்காளிகளில் ஒருவர் கேட்டார். பிள்ளை படிப்பு போய்விட்டால் போனவருக்கு மனசு ஆறாது என்றேன். அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். சாயங்காலமே காவிரிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். சொந்தக்காரர்கள், பிள்ளையின் சிநேகிதர்கள் எல்லோரிடமும் அவனுக்குப் போனில் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். வீடு நிறைய ஆட்கள். அப்பாவிடம் கொடு என்றான். அறுப்பு மெஷின் வந்திருக்கிறது, வயலில் நிற்கிறார், அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றேன். பின்னால் யார் பேசுகிறார்கள் என்றான். அறுப்பு ஆட்கள் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்றேன். போனை வைத்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். நல்லதைத்தான் செய்கிறேன் என்று நானும் நினைத்தேன்.

அன்று மத்தியானம் கொழுந்தனார் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸின் மாதிரியைப் போனில் கொண்டுவந்து காட்டினார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் படம் போட்டுக் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கட்டாமல் இருக்கமாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே 'கண்ணீருடன்' என்று எழுதி, முதல் பெயராக என் மகன் பெயர். பக்கத்தில் ஜெர்மனி.

"அண்ணனுக்கு அதுதானே பெருமை. எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க அண்ணி."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. தலையாட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தத் துக்கத்திலும் ஜெர்மனி என்ற எழுத்தைப் பார்க்க மனசுக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. ஊர் வாயை எல்லாம் அடைத்தோமே, இது ஊரே பார்க்க நிற்கப்போகிறதே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஃப்ளெக்ஸைக் கடைத்தெருவில் கட்டினார்கள். அந்த வழியாகப் போன என் மகனுடைய பழைய பள்ளித் தோழன் ஒருவன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அந்தத் தோழனுக்கு நாங்கள் சொல்லி வைத்தது எதுவும் தெரியாது.

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் மகனிடமிருந்து போன் வந்தது. மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, கடைத்தெரு ஃப்ளெக்ஸ்ல என் பேரு இருக்குதா?"

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன்.

"கண்ணீருடன்னு என் பேரைப் போட்டிருக்கீங்க. நேத்து நான் கேன்டீன்ல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்தேம்மா."

அதற்குப் பிறகு அவன் அழுததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உடனே கிளம்பி வா என்றேன். "எதைப் பாக்குறதுக்கு?" என்றான். மறுநாள் போய்ப் பரீட்சை எழுதினான். பிறகு பாஸ் என்றும் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கு வந்தான். கடைத்தெருவில் அந்த ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. தானே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து கொல்லையில் வைத்தான். சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. திரும்பிப் போகிற அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் சொன்னான். வீட்டில் சாவு என்று எழுதிக் கொடுத்தால் அங்கே அந்தப் பரீட்சையைத் தள்ளி எழுத விடுவார்களாம். தோற்றதாகக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்களாம். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இப்போது அவன் அங்கேயே வேலையில் இருக்கிறான். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. அன்றைக்கு நீ துணிந்து பேசியதால்தான் பிள்ளை ஆளானான் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுவேன்.

ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். போன மாதம் எனக்குக் காய்ச்சல். "நல்லா இருக்கேம்பா" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் போன் அடித்தது. அந்த வீட்டுப் பெண் பேசிக்கொண்டே வந்து எங்கள் வாசற்படியில் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். "ஆமாண்ணே, படுத்துதான் இருக்காங்க" என்று அவனிடம் சொன்னாள்.

அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து ஒரே ஒரு கெட்ட சேதியை மறைத்தேன். அதிலிருந்து நான் சொல்கிற நல்ல சேதியைக்கூட இன்னொருவர் வாயால் கேட்டால்தான் அவனால் நம்ப முடிகிறது.