ஒத்திகையில் இல்லாத கத்தி

வெயில் பட்டுக் கத்தி மின்னியபோதுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் கத்தி மின்னாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையைக் கல்லூரியாக மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். முரட்டு மாணவர்களுக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் ஓர் ஆசிரியையின் கதை. நான் உதவி இயக்குநர். சண்டை அமைத்ததும், கதாநாயகிக்குப் பதிலாக அடி வாங்கியதும் ஒரே பெண்மணி. அவரை மாஸ்டர் என்போம். நிஜமாக இருக்கட்டும் என்று இயக்குநர், மின்சார ரயிலில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கல்லூரிக் கோஷ்டிகளிலிருந்து தலா ஒருவனை அழைத்து வந்திருந்தார். ஒருவன் ஆவடி, மற்றவன் அம்பத்தூர். மாஸ்டருக்கு அதில் விருப்பமில்லை. ஒருவன் விழும்போது மற்றவன் தாங்கியே ஆகவேண்டும் என்பதுபோல எல்லா அடிகளையும் அமைத்தார். சில நாட்களில் இருவரும் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள்.

பிறகு திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் ஆவடிப் பையனின் நண்பனை அம்பத்தூர்க் கோஷ்டியில் யாரோ வெட்டினார்கள். மறுநாள் ஆவடிப் பையன் நேரே படப்பிடிப்புக்கு வந்து நின்றான்.

காட்சியில் அம்பத்தூர்ப் பையன் குப்புற விழுந்து கிடக்க, இவன் கத்தியோடு பாய்ந்தான். மாஸ்டர் குறுக்கே புகுந்து மணிக்கட்டைப் பிடித்தார். கத்தி அவர் முழங்கைக்குக் கீழே கீறிக்கொண்டு போனது. பிடியை விடாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். அருகில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நீ இன்னும் யாரையும் குத்தல. நான்தான் குறுக்க வந்தேன். குத்தாத கையோட ஊட்டுக்குப் போ."

தகரம் கிழித்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னார். இயக்குநர் அந்த ஷாட்டை வெட்டவில்லை.

படம் வெளியான அன்று மாஸ்டர், இரண்டு பையன்கள், நான் என நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த இடத்தில் அரங்கமே விசிலடித்தது. அம்பத்தூர்ப் பையன் மட்டும் திரும்பி, "மாஸ்டர், அது ரப்பர் இல்லல்ல?" என்று கேட்டான். அவர் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். அவன் எழுந்து வெளியே போனான்.

படம் முடிந்து வந்தபோது அவன் கூட்டாளிகள் முன்வாசலை அடைத்து நின்றார்கள். அவர்களும் அந்தக் கத்தி மின்னியதைப் பார்த்தவர்கள்தான். அவன் தனியாக எங்களிடம் வந்தான். ஆவடிப் பையனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பின்னாடி கேட் வழியா இவன இட்டுக்கினு போய்டுங்க மாஸ்டர். இன்னிக்கு மட்டுந்தான் என் பேச்ச கேப்பானுங்க."

ஆவடிப் பையன் அதற்குப் பிறகு ரயில் ஏறவில்லை, படிப்பையும் விட்டுவிட்டான். அந்தச் சண்டைத் துண்டு மட்டும் இன்னமும் யார் யார் கைபேசியிலோ ஓடிக்கொண்டிருக்கிறது.