குளிசைக்கு முன் கேட்ட கேள்வி

முப்பத்தெட்டு வயதில் எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்று மனநல வைத்தியர் சொன்னபோது நான் அழவில்லை, சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் ‘கவனமில்லாதவள்’, கல்யாணத்துக்குப் பிறகு ‘பொறுப்பில்லாதவள்’ என்று வாங்கிய பட்டங்கள் கொஞ்சமா? அத்தனைக்கும் ஒரே பெயர் கிடைத்ததில் பெரிய நிம்மதி.

ஓர்ஸ் ஹில்லில் துறைமுக வேலைகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில், வந்திறங்கும் சரக்குகளுக்குப் பத்திரம் எழுதுவது என் வேலை. சீமெந்தைக் கோதுமை என்று எழுதியதற்கு ஒன்று, வேறு கப்பலின் பெயரை எழுதியதற்கு ஒன்று என்று இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அதனால் மருந்தை இன்றைக்கே தாருங்கள் என்று கேட்டேன்.

வைத்தியர் என்னைவிட இளையவர், ஆனால் அவசரமே இல்லாதவர். காலையில் ஒன்று விழுங்கினால் பின்னேரம் வரை மெல்ல மெல்ல வேலை செய்யும், பிந்தி எடுத்தால் நித்திரை வராது என்றார். உடைக்கவோ சப்பவோ கூடாது. மத்தியானம் பசி குறையும், அதனால் காலைச் சாப்பாட்டை வடிவாகச் சாப்பிட வேண்டும். நிறை பார்த்தார், பிரஷர் பார்த்தார், வேறு என்ன மருந்து எடுக்கிறேன் என்று விசாரித்தார். கடைசியில் கேட்டார்: “உங்கட குடும்பத்தில ஆருக்கும் இதய வருத்தம் இருக்கா? இளம் வயசில திடீரெண்டு செத்த ஆக்கள்?”

“இல்லை டொக்டர்.”

அந்த ‘இல்லை’ எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் துருவுவது பரம்பரை வருத்தத்தைத்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, இருபத்தொரு வயதில் கடலில் மூழ்கிச் செத்தவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். உண்மையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அப்போது அம்மாவும் இரண்டு சின்னம்மாக்களும் கல்யாணத்துக்குக் காத்திருந்த குமர்ப்பிள்ளைகள். என் கல்யாணப் பேச்சிலும் இதே ‘இல்லை’ சொல்லப்பட்டது. வாய் பழகிவிட்டது, டொக்டருக்கும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, கப்பல்துறை ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில் முதல் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன மருந்து என்று அம்மா கேட்டார்.

“கவனத்துக்கு. நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குமாம், அவ்வளவுதான்.”

அம்மா என் கையிலிருந்த தண்ணீரைப் பறித்தார். “இதைக் குடிக்காதை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டொக்டர் கேட்டது மாமாவைப் பற்றித்தான்.

“இப்பவே போய் டொக்டரிட்டச் சொல்லப் போறன்,” என்றேன்.

“தங்கச்சியின்ர கலியாணம் முடியட்டும்.” கட்டைபறிச்சான் ஊரில் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. “அந்தக் கிளினிக்கில முழுக்க எங்கட ஆக்கள். கதை பரவும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அம்மா, கலியாணம் முடியிறதுக்குள்ள என்ர வேலை போயிரும். சொல்லாமக் குடிச்சா நானே போயிருவன். எது வேணும்?”

நான் செருப்பை மாட்டும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

வைத்தியரிடம் நான் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டார். கதவு பாதி திறந்திருந்தது, வெளியே வாங்கில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

“என்ர தம்பி கடல்ல சாகேல்லை, டொக்டர். விடியக் குளிக்கப் போனவன், மணல்லயே விழுந்திட்டான். தண்ணி அவன்ர காலிலகூடப் படேல்லை. கூடப் போன எங்கட அய்யாதான் கடல்தண்ணியை அள்ளி ஊத்தி அவனை நனைச்சுப்போட்டு ஆக்களைக் கூப்பிட்டவர். எங்கள் மூண்டு பேருக்காக.”

நனைத்த கதை எனக்கே அன்றுதான் தெரியும். பெற்ற மகனை அப்படி நனைத்த அம்மப்பாவின் கைகளை நினைத்து அங்கேயே அழுதேன். அம்மாவும் அழுதார்.

வைத்தியர் தான் எழுதிய முதல் மருந்துத் துண்டைக் குறுக்கே கோடிட்டு வெட்டினார். ஈசிஜி, இதய ஸ்கேன், பிறகு இதய நிபுணர். மூன்று கிழமை அலைந்தேன். அந்த நாட்களில் ஒவ்வொரு பத்திரத்தையும் மூன்று தரம் வாசித்துத்தான் மூன்றாவது கடிதம் வராமல் தப்பினேன். என் இதயம் நன்றாக இருக்கிறது, குறைந்த அளவில் தொடங்கலாம், படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். தங்கையையும் ஒரு தரம் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

மருந்து தொடங்கப் போகிறவர்களுக்கு நான் துணிந்து சொல்வது இதுதான்: டொக்டர் உங்களைப் பெண் பார்க்க வரவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்.

குளிசை எடுத்த முதல் நாள் காலையில் அம்மாதான் தண்ணீர் தந்தார். நான் விழுங்கியதைப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டைபறிச்சான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை, சாதகம் பற்றிக் கேட்கவில்லை.

“உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்,” என்றார். “என்ர தம்பி கடல்ல சாகேல்லை.”