இறக்கம் பார்க்காமல் நிறுத்திய கார்

பதுளையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். எனது பழைய டீசல் கார் எந்த மலையையும் ஏறும். குளிரில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. அதனால் உருட்டிவிட வசதியாக இறக்கத்திலேயே நிறுத்துவேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனபோது, நாலு பேர் பார்க்கட்டுமே என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் சமதரையில் நிறுத்திவிட்டேன்.

இரவு அங்கேயே தங்கினேன். விடியற்காலையில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அவளை ஏற்றினோம்; கார் அசையவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டில் கூடி நின்றவர்களைப் பார்த்துக் கங்காணி கத்தினார்: "பேரு பொறகு குடுக்கலாம், எல்லாரும் வந்து தள்ளுங்க!"

பெரட்டே திரண்டு தள்ளியது. கரும்புகை கக்கிக்கொண்டு கார் கிளம்பியது.

ஆஸ்பத்திரி வாசலில், "மொதலாளி, பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க!" என்று அவள் புருஷன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் எஞ்சினை நிறுத்தினேன்.

இப்போதெல்லாம் கல்யாண வீடானாலும் நான் கௌரவம் பார்ப்பதில்லை, இறக்கம்தான் பார்க்கிறேன்.