நாற்பது போத்தல் தீர்த்தம்

எங்க வீட்டுக்காரர் வாலண்டைனுக்குத் தண்ணி குடுத்தா, குடிக்கிறதுக்கு முன்னாடி டம்ளருக்குள்ள ஒரு தடவை எட்டிப் பார்ப்பாரு. கட்டின பொண்டாட்டி குடுத்த தண்ணியைத்தான் சொல்றேன். அதைப் பார்த்து எனக்குப் பத்திக்கிட்டு வராத நாள் இல்லை. இன்னைக்கு மலாயாவுல, கிள்ளான்ல கொசு மண்டோர், அதான் கொசு ஒழிக்கிற மேஸ்திரின்னா எல்லாருக்கும் அவரைத் தெரியும். அந்த வேலை கைக்கு வர்ற நேரத்துல என்னாலதான் நழுவப் பார்த்தது. வேற யாராச்சும் சொன்னா கூட்டிக் குறைச்சுச் சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிடறேன்.

பெரிய சண்டை நடந்தப்போ திருச்சியில பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க. இவரும் போய்ச் சேர்ந்து, பஸ்ராவுல ரெண்டு வருஷம் அடிபட்டவங்களையும் காய்ச்சல்காரங்களையும் டோலியில தூக்கினாரு. ஒரு முழங்கால் அங்கேயே கெட்டுப்போச்சு. சண்டை முடிஞ்சதும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டைக் குடுத்து அனுப்பிட்டாங்க. கிள்ளான்ல எங்க அண்ணன் இருந்த தைரியத்துல ரெண்டு பேரும் கப்பலேறினோம். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போனாரு, கால் இழுத்துச்சு. துறைமுகத்துல மூட்டை தூக்கப் போனாரு, மூணாம் நாளே போயிட்டு வான்னுட்டாங்க. மனுஷன் வாயே திறக்காம மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருப்பாரு. எனக்கு அழுகையா வரும்.

அப்பதான் அண்ணன் ஒரு சேதி கொண்டாந்தாரு. பட்டாளத்துல இருந்து வந்தவங்களுக்கு அரசாங்க வேலையில முதல் இடம் குடுக்கணும்னு உத்தரவாம். சீட்டை எடுத்துக்கிட்டு சானிட்டரி போர்டுக்குப் போனாரு. கொசு ஒழிக்க எண்ணெய் டின்னும் பம்பும் குடுத்து, மாதா கோயிலையும் அதைச் சுத்தின ரெண்டு சந்துகளையும் அவர் பொறுப்புல விட்டாங்க. மூணு மாசம் பார்ப்பாங்க. கடைசியில வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பாரு. கொசுப்புழு கண்ணுல படலைன்னா வேலை நிரந்தரம், பட்டுச்சுன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அப்ப வயித்துல அஞ்சு மாசம். இந்த வேலையும் போனா எங்களுக்கு வேற போக்கு கிடையாது.

மூணு மாசமும் அவர் வீடு வீடாப் போயி தொட்டியைக் கவுத்தாரு, தேங்காச் சிரட்டையைப் பொறுக்கினாரு. பொம்பளைங்க திட்டாத திட்டு இல்லை. எதுக்கும் பதில் பேச மாட்டாரு, கவுத்துட்டு நொண்டிக்கிட்டே அடுத்த வீட்டுக்குப் போயிடுவாரு.

சோதனை திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தவரு, பாஸ்கா திருநாள்ல மந்திரிச்சு வாசல்ல வச்சிருந்த தீர்த்தப் பானையில விரலை வச்சு நெத்தியில சிலுவை போடப் போனாரு. விரல் அப்படியே நின்னுடுச்சு. உள்ள புழு நெளியுது. மூணு மாசமா ஊரெல்லாம் பார்த்தவரு, தீர்த்தமாச்சேன்னு அந்தப் பானையை மட்டும் பார்க்கலை.

சாமியார் பூசையை முடிச்ச கையோட தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிளம்பிட்டாரு, செவ்வாக்கிழமைதான் வருவாரு. கோயில் உபதேசியார் பேசில்ங்கிறவர் பானைக்கு முன்னாடி மறிச்சு நின்னுக்கிட்டாரு. சாமி சொல்லாம ஒரு சொட்டைக்கூடக் கொட்ட விட மாட்டேன், வீட்டுக்கு வேணும்னா யாரும் எடுத்துட்டுப் போகலாம்னாரு.

இவர் வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. எனக்குப் பளிச்சுன்னு ஒரு யோசனை வந்துச்சு. கொட்டத்தானே கூடாது? சாயந்திர ஜெபத்துக்கு வந்த பொம்பளைங்க அத்தனை பேர்கிட்டயும், இந்த வருஷத்துத் தீர்த்தம் காய்ச்சலுக்கு ரொம்ப நல்லதாம், தீர்றதுக்குள்ள பிடிச்சுக்குங்கன்னு கிளப்பி விட்டேன். போத்தலும் கையுமா அடிச்சுப் பிடிச்சு வந்தாங்க. இருட்டுறதுக்குள்ள பானை காலி. நானே துடைச்சுக் கவுத்து வச்சுட்டு, ராணி மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. எத்தனை போத்தல்னு கேட்டாரு. நாப்பது இருக்கும்னேன். ஒரு பானையில இருந்த புழுவை நாப்பது வீட்டுக்குப் பங்கு வச்சிருக்கேன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. நாப்பதும் அவரோட ரெண்டு சந்துக்குள்ளதான்.

விடிஞ்சும் விடியாமலும் ரெண்டு பேரும் கிளம்பினோம். முதல் வீடு மகதலேனா அக்கா வீடு. விஷயத்தைச் சொன்னதும், தீர்த்தத்துல புழுன்னு சொல்ற வாய் வெந்துபோகும்னு என்னைப் பிடிச்சு வாங்கினாங்க. அப்ப இவர் பேசினாரு. பஸ்ராவைப் பத்தி என்கிட்டகூட அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அக்கா, நான் டோலியில தூக்கினதுல குண்டு பட்டவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க எல்லாம் காய்ச்சல். அம்மா அம்மான்னு பொலம்பிக்கிட்டே என் தோள்லயே செத்தாங்க. அங்கேயும் கொசு இப்படித்தான் கேட்பாரில்லாமப் பெருகிச்சு."

அக்கா போத்தலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க. அப்புறம் சிலுவை போட்டுக்கிட்டு, கால் படாத இடமாப் பார்த்து மல்லிகைச் செடி அடியில ஊத்திட்டு, எங்ககூடவே அடுத்த வீட்டுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் அக்காதான். ஒன்பதரைக்குள்ள ரெண்டு சந்தும் முடிஞ்சது.

இன்ஸ்பெக்டர் துரை வந்தாரு. தொட்டி, டின்னு, கூரைத் தகரம், கோயில் பானை, ஒண்ணு விடலை. எங்கேயும் புழு இல்லை. பேனாவைத் திறந்துட்டு, பார்க்காத வீடு ஏதாவது பாக்கி இருக்கான்னு சும்மா கேட்டு வச்சாரு. இவர், "என் வீடு இருக்கு துரை"ன்னாரு.

நானும் ஒரு போத்தல் பிடிச்சு அந்தோனியார் படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன். இந்த வேலை நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டு வச்சது. ஊரார் போத்தலை எல்லாம் கொட்ட வச்ச எனக்கு, என்னோடதைக் கொட்ட மனசு வரலை. மண்டோர் வீட்டுக்குள்ள எவன் வந்து பார்க்கப் போறான்னு இருந்துட்டேன்.

இவர் நேரா உள்ள போயி, ஒவ்வொண்ணாப் பார்த்து, படத்தை நகர்த்தி, அந்தப் போத்தலை எடுத்துட்டு வாசலுக்கு வந்தாரு. வெயில்ல தூக்கிக் காட்டினாரு. ரெண்டு புழு.

"இது என் வீடு துரை. வச்சது என் சம்சாரம். எழுதிக்குங்க."

துரை போத்தலைப் பார்த்தாரு, இவரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. நோட்டுல என் பேரைக் கேட்டு எழுதினாரு. இனிமே வச்சா கோர்ட்டுக்கு வரணும்னு கூட வந்த கிராணியை, அதான் குமாஸ்தாவை விட்டுச் சொல்ல வச்சாரு. அடுத்த தாள்ல, இந்த ஆளை நிரந்தரமா எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

சந்தே வேடிக்கை பார்த்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. மத்தியானம் இலையைப் போட்டுட்டு, பொண்டாட்டியைக் காட்டிக் குடுத்து வாங்கின வேலை இனிக்குதான்னு கேட்டேன்.

அவர் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தாரு. "அதை மறைச்சிருந்தா, நாளைக்கு மகதலேனா அக்கா வீட்டுல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தொட்டியைக் கவுக்குறது, ஜோசஃபின்?"

எனக்குக் கோவம் போகலைதான். ஆனா இப்படி ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட்டிருக்கோமேன்னு நெஞ்சு நெறஞ்சு போச்சு. சோத்தைப் போட்டு, மீன் குழம்பை ரெண்டு கரண்டி கூடவே ஊத்தினேன்.