உர்சுலா வந்து சேர்ந்தார்

அலுவலக பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது தர்ஷினி போன் செய்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் வெள்ளிக்கிழமை ஓட்டக் குழுவில் என்னைப் போலவே மெதுவாக ஓடுகிறவள். "அக்கா, உர்சுலா அக்கா மோசம் போயிட்டாவாம். ஜெர்மனியில இருந்து அவவின்ர தங்கச்சி மெசேஜ் போட்டிருக்கிறா" என்றாள். அவர்கள் ஊரில் மோசம் போவது என்றால் சாவது. "என்னட்டி சொல்லுத?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். மதியம் வரை வேலை பார்த்தேன். தயிர்ச்சாத டப்பாவைத் திறந்ததும்தான் அழுகை வந்தது.

மாலையில் உர்சுலாவின் தங்கை அனுப்பியதை முழுதாகப் படித்தேன். உர்சுலாவின் ஊர்ப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி: குவைத்தில் ஓடிய கடைசிப் பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. படித்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். ஃபஹாஹீல் கடற்கரையில் அவரோடு ஓடியவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

உர்சுலா வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் தபால்காரரின் மகளாகப் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே ஓடத் தொடங்கி, இளம் வயதில் சின்னச் சின்ன நகரங்களின் மாரத்தான்களில் ஜெயித்திருக்கிறார். நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கும் நேரம் பார்த்துக் குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்தது. குணமாகி வந்தபோது வேகம் இருந்தது, ஜெயிக்கும் அளவுக்கு இல்லை. அதனால் பேஸர் ஆனார். அப்படி ஒரு வேலை இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெயிக்கப் போகிறவர்களுக்கு முன்னால், சொன்ன வேகம் பிசகாமல் ஓடி, எதிர்க்காற்றையும் தானே தாங்கிக்கொண்டு, பேசிய தூரம் வந்ததும் ஒதுங்கிவிட வேண்டும். மற்றவர்கள் தொடர்ந்து ஓடிப் பரிசு வாங்குவார்கள். "சம்பளம் உண்டு, கைதட்டல் கிடையாது" என்பார் உர்சுலா. அதைக் குறையாகச் சொன்னதே இல்லை.

ஓடும் வயது போனபின் குழாய்களைச் சோதிக்கும் வேலைக்குப் படித்து, குவைத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்தார். நான் அங்கே ஆவணப் பிரிவில் இருக்கிறேன். அவருடைய கதையைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படியென்றால் நீங்கள் பாதியில் ஓடிப்போகிற ஆளா?" என்று கேட்டேன். "என் வேலையை நான் முடித்தேன். அவர்களுடைய பந்தயத்தை அவர்கள் முடித்தார்கள்" என்றார். அதற்குப் பிறகும் பல நாள் அவரைப் பாதி மாரத்தான் என்று கிண்டல் செய்தேன். சிரிப்பாரே தவிர கோபப்பட மாட்டார்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது என் மேஜைக்கு வந்து, "வெள்ளிக்கிழமை காலை. ஷூ போதும்" என்றார். போனேன். மீன் மார்க்கெட் வளைவு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கையைப் பிடித்துத் தூக்குவார், நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "உட்கார்ந்துகொள். ஆனால் உன் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது, எப்படியும் நடந்துதான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். வேறு வழியில்லாமல் எழுந்தேன். இன்று வரை ஓடுகிறேன்.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிவிட்டது, ஊருக்குப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். உர்சுலா வேலையை விட்டார், டிக்கெட்டும் எடுத்தார். ஆனால் கடற்கரைச் சாலையில் நடக்கவிருந்த அரை மாரத்தானுக்குப் பிறகுள்ள தேதிக்கு. அதில் தன் பெயரையும் பதிந்திருந்தார். "இவவுக்கு விசர்தான் அக்கா" என்றாள் தர்ஷினி. பைத்தியமா உங்களுக்கு என்று நானும் போய்ச் சத்தம் போட்டேன். உர்சுலா பொறுமையாகக் கேட்டார். "ரொம்பப் பேரை முடிவுக்கோட்டுக்குப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இது என்னுடையது. நடந்தாவது முடிப்பேன்" என்றார்.

பந்தயத்தன்று நானும் தர்ஷினியும் அவருக்கு இரண்டு பக்கமும் போனோம். கொஞ்ச தூரம் ஓடினார், பிறகு நடந்தார். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் பஸ் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. டிரைவர் ஒரு பாகிஸ்தானி, நல்ல மனுஷர். கதவைத் திறந்து, "மேடம், பைட் ஜாயியே. டைம் கலாஸ்" என்று, நேரம் முடிந்துவிட்டது ஏறி உட்காருங்கள் என்று கெஞ்சினார். உர்சுலா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாஃபி கலாஸ்" என்றார், இன்னும் முடியவில்லை என்று.

பைக்கில் வந்த போட்டி அலுவலர் சாலையைத் திறக்க வேண்டும் என்றார். "சாலை உங்களுடையது" என்று சொல்லிவிட்டு உர்சுலா நடைபாதையில் ஏறினார். அலுவலர் அவருடைய சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். முடிக்காதவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது அப்போதுதான். பத்திரிகைக்குப் போன செய்தியும் அதுதான். முழங்கால் வலி தாங்காமல் தர்ஷினி அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறினாள். பஸ் எங்களைக் கடந்து போனது. சாலையில் கார்கள் வர ஆரம்பித்தன.

ஒரு பேரீச்ச மரத்தடியில் உர்சுலா வாந்தி எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "போதும், டாக்ஸி பிடிக்கலாம்" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ வேண்டுமானால் போ. எனக்குக் கோபமில்லை" என்றார். நான் போவேனா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுக் கூடவே நடந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. முடிவுக்கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவு, காற்றுப் போய்த் தரையில் கிடந்தது. வேலையாட்கள் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தமிழில் முனகியதைக் கேட்டு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "எல்லாம் முடிஞ்சு போச்சேக்கா. மெடல் பெட்டியைக்கூட வண்டில ஏத்திட்டாங்க."

"கோடு எங்கய்யா இருந்துச்சு?"

அவர் வளைவின் துணியை இழுத்து ஒதுக்கினார். கீழே தரையில் ஒட்டிய வெள்ளைப் பட்டை தெரிந்தது. உர்சுலா அதைத் தாண்டினார். முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். மூச்சு நிதானப்பட்டதும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, "பின்னால் யாராவது வருகிறார்களா?" என்று கேட்டார்.

"யாருமில்லை. நீங்கள்தான் கடைசி."

"அப்படியென்றால் பந்தயம் இப்போதுதான் முடிந்தது" என்றார் உர்சுலா. "அவர்களிடம் சொல், இனிமேல் சுருட்டலாம்."

நான் தமிழில் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரர் சிரிக்கவில்லை. "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகே துணியில் கை வைத்தார்.

உர்சுலாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இப்போதெல்லாம் எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் மெடலை வாங்கிக்கொண்டு நான் கிளம்பிவிடுவதில்லை. சுருட்ட வருகிறவர்களோடு மல்லுக்கு நின்றாவது கடைசி ஆள் வரும்வரை அங்கேயே இருக்கிறேன். இந்தக் குளிர்காலத்திலும் அதே சாலையில் ஓட்டம் இருக்கிறது. பெயர் கொடுங்கள். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வாருங்கள், கோட்டருகே நான் நிற்பேன்.